மேகமும் பாலும்

ஆகஸ்ட் 4

வாலு,

"நலம், நலமறிய ஆவல்" என்று தொடங்கச் சொன்னார் முதியோர் எழுத்து வகுப்பு டீச்சர். அதை எழுதிப் பார்ப்பதற்குள்ளேயே விரல் மரத்துவிட்டது. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

உன் பெரியப்பன் நான்தான் எழுதுகிறேன். உன் அப்பனிடம் சொல்லி எழுத வைக்கவில்லை. எழுபத்தோரு வயதில், என் அறையில், ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, என் கையால் எழுதுகிறேன். இதுவரை வர ஒரு முழு மத்தியானம் ஆயிற்று. "ழ" மட்டும் கீழே இறங்கி அடுத்த வரியில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

அச்சகத்தில் நாற்பது வருஷம் மிஷினுக்குத் தாள் கொடுத்தேன். இரண்டு காதையும் அந்த மிஷினுக்கே கொடுத்தேன். லட்சக்கணக்கான தாள் இந்தக் கை வழியாகப் போயிற்று. அதில் என்ன எழுதியிருந்தது என்று ஒன்றுகூடத் தெரியாது. தலைகீழாக அச்சானால்கூட அச்சுக் கோக்கிற கம்பாசிட்டர் வந்து தலையில் தட்டினால்தான் தெரியும். இப்போது தெருவில் ஒரு போர்டையும் விடுவதில்லை. நேற்று ஒரு சுவரில் "இங்கு சிறுநீர் கழிக்காதீர்" என்று படித்தேன். இருபது வருஷமாக அந்தச் சுவரில்தான் கழித்துக்கொண்டிருக்கிறேன்.

உன் கடிதத்தை எழுத்துக்கூட்டி மூன்று நாளில் முடித்தேன். திருப்பினால் பின்பக்கம் ஒரு நோட்டீஸ்! ஒரே தாளில் இரண்டு படிப்பு. நல்ல தாள். இடது ஓரம் மட்டும் ஒரு நூல் அளவு சாய்ந்திருக்கிறது. வெட்டியவன் கத்தி தீட்டவில்லை.

"பால்வினை நோய் யாருக்கும் வரலாம்" என்று போட்டிருந்தது. எனக்குப் பகீரென்றது. பாலினால் இப்படி ஒரு வினையா? அடுத்த வரி, "பாதுகாப்பற்ற உறவைத் தவிர்ப்பீர்." அது உன் அத்தையைத்தான் சொல்கிறது. அவள் வீட்டுப் பாலில் பாதி குழாய்த் தண்ணீர். அதற்கும் அடுத்தது, "ஆணுறை பயன்படுத்துவீர்." பாலுக்கு உறை ஊற்றத் தெரியாதா நமக்கு? இது ஏதோ புதுக் கம்பெனி உறை என்று நினைத்தேன். பாலைத் தயிராக்கிவிட்டால் நோய் அண்டாது போலிருக்கிறது.

காலையில் பால் கடைக்குப் போய், ஆணுறை ஒரு கிண்ணம் கொடுங்கள் என்று கேட்டேன். எனக்குக் காது கேட்காததால் சத்தமாகத்தான் பேசுவேன், உனக்குத் தெரியும். பால்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். வரிசையில் நின்ற பெண்கள் எல்லோரும் திரும்பிக்கொண்டார்கள். சரக்கு தீர்ந்துவிட்டது போலிருக்கிறது.

நீ பாலை மூன்று கொதி வந்த பிறகு குடி.

உன் பெரியப்பா

*

ஆகஸ்ட் 11

பெரியப்பா,

உங்கள் கடிதத்தை ஹாஸ்டல் அறையில் நாலு பேர் சேர்ந்து படித்தோம். ஒருவன் கட்டிலிலிருந்து கீழே விழுந்துவிட்டான். தயவுசெய்து இனிமேல் அந்தப் பால் கடைக்குப் போகாதீர்கள். வேறு கடை பாருங்கள்.

சொல்லிவிடுகிறேன். இந்தப் பால் மாட்டுப் பால் இல்லை. ஆண்பால், பெண்பால் என்று உங்கள் டீச்சர் இலக்கணத்தில் சொல்லியிருப்பாரே, அந்தப் பால். ஆணும் பெண்ணும் சேர்வதால் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டுகிற நோய்தான் பால்வினை நோய். ஆணுறை என்பது அப்போது ஆண் போட்டுக்கொள்கிற ரப்பர் உறை. உறவு என்றால் அத்தை இல்லை. (ஆனால் அத்தையைத் தவிர்ப்பது நல்லதுதான்.)

உங்களைப் பார்த்துச் சிரித்தோமே தவிர, இங்கே நிலைமை அதைவிடக் கேவலம். போன மாதம் பல்கலைக்கழகத்தில் விழிப்புணர்வு வாரம் நடத்தினோம். மாணவர் பக்கத்துப் பொறுப்பாளன் நான். நோட்டீஸில் முதலில் "புண்", "சீழ்", "காண்டம்" என்று பச்சையாகத்தான் எழுதியிருந்தேன். அலுவலகத்தில் சிவப்பு மையால் அடித்துவிட்டு, "மரியாதையான சொல் போடுப்பா, பொம்பளைப் பிள்ளைங்க படிக்கிற இடம்" என்றார்கள். மூவாயிரம் அடித்தோம். இருநூறு போயிருக்கும். கேன்டீனில் கை துடைத்தார்கள். மாடியிலிருந்து விமானம் விட்டார்கள். மிச்சத்தின் முதுகில்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

கேள்வித்தாள் கொடுத்து இருநூற்றுப் பன்னிரண்டு பேரிடம் கேட்டோம். "நல்ல குடும்பத்துப் பிள்ளைகளுக்கு வராது" என்று எழுதியவர்கள் தொண்ணூறு பேர். "முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்" என்று எழுதியவன் மூன்றாம் ஆண்டு வேதியியல். "குளித்தால் போதும்" என்று பதினோரு பேர். ஒருத்தி மட்டும், "எனக்கு இருப்பது அதுதானா என்று யாரிடம் கேட்பது?" என்று எழுதிவிட்டுப் பெயர் போடாமல் போய்விட்டாள்.

இலவச ரத்தப் பரிசோதனைக்கு ஒருவரும் வரவில்லை. கூட்டம் சேர்க்க வேண்டும் என்று மேடையில் ஐந்நூறு பேர் முன்னால் நானே முதல் ஆளாகச் சட்டைக் கையை மடித்து நீட்டினேன். போட்டோ எடுத்தார்கள். அதைப் பார்த்து ஒன்பது பேர் வந்தார்கள்.

வேறு விசேஷம் இல்லை. தேர்வு வருகிறது.

வாலு

*

ஆகஸ்ட் 16

வாலு,

இரண்டு நாள் வெளியே தலைகாட்டவில்லை. உன் கடிதத்தைப் படித்து முடித்ததும் பால்காரர் முகம் ஞாபகம் வந்தது. வரிசையில் நின்ற பெண்களில் ஒருத்தி நம் டீச்சரின் அம்மா. நேற்று வகுப்புக்குப் போனேன். டீச்சர் கரும்பலகைப் பக்கமே திரும்பி நின்று பாடம் நடத்தினார். தோள் மட்டும் குலுங்கியது.

எங்கள் காலத்தில் இதற்கு மேகநோய் என்று பெயர். இப்போது பால் என்கிறார்கள். அன்றைக்கு மேகம், இன்றைக்குப் பால். இந்த நோய்க்கு மட்டும் எப்போதும் வெள்ளை வெளேரென்று பெயர் வைத்துவிடுகிறார்கள். காதில் விழுந்தால் யாருக்கும் பயமே வராது.

கடைசிப் பக்கத்தை நாலு தரம் படித்தேன். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவனுக்கு ஒரு வசதி உண்டு. ஒரு சொல்லையும் தாண்டிப் போக முடியாது. முதல் ஆளாகக் கையை நீட்டினேன் என்று எழுதியிருக்கிறாய். போட்டோ எடுத்ததை எழுதியிருக்கிறாய். ஒன்பது பேர் வந்ததை எழுதியிருக்கிறாய். உன் ரத்தத்தில் என்ன வந்தது என்று எழுதவில்லையே.

உன் கடிதம் என் கைக்கு மட்டும்தான் வருகிறது. முன்பு மாதிரி உன் அப்பன் உட்கார்ந்து உரக்க வாசிக்கிற காலம் போய்விட்டது. எழுது.

பெரியப்பா

*

ஆகஸ்ட் 24

பெரியப்பா,

இதைப் படித்ததும் கிழித்துவிடுங்கள்.

சிபிலிஸ் இருக்கிறது என்று வந்தது. ஆகஸ்ட் ஆறாம் தேதி. உங்கள் பால் கதையைப் படித்து நான் சிரித்ததும் இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான்.

மே மாதம் ஒரு புண் வந்தது. வலியே இல்லை. அறையில் ஒருவன், "சூட்டுக் கட்டிடா, இளநீர் குடி" என்றான். இன்னொருவன் ஒரு மருந்துக் குழாயைக் கொடுத்தான். மூன்று வாரத்தில் தானாக ஆறிவிட்டது. "வலியில்லாத புண், தானே ஆறினாலும் நோய் ஆறாது" என்று நோட்டீஸுக்காக நானே எழுதியிருந்தேன் பெரியப்பா. அதை எழுதும்போதும் எனக்கு உறைக்கவில்லை. அது மற்ற மூவாயிரம் பேருக்கு என்று நினைத்திருந்தேன்.

பல்கலைக்கழக மருத்துவ அறையில் கம்பவுண்டர் பெயரை உரக்கக் கூப்பிடுகிறவர். ஆலோசகர் அக்காதான் பக்கத்து அறைக்கு அழைத்துப் போய்ச் சொன்னார். அன்றைக்கே இரண்டு இடுப்பிலும் ஊசி போட்டார்கள். எனக்குச் சரியாகிவிடும். பிறகு அக்கா ஒரு சீட்டைக் கையில் கொடுத்தார். பெயர் கிடையாது, ஒரு எண் மட்டும். "உன் கூட இருந்தவங்க யாரோ அவங்ககிட்ட இதைக் குடு. வந்து சீட்டைக் காட்டினா போதும், ஒரு கேள்வி கேக்க மாட்டோம்" என்றார். பதினெட்டு நாளாக அது என் சட்டைப் பையில் இருக்கிறது. ஒரு தடவை துவைத்தும் ஆயிற்று.

கொடுக்க வேண்டியவளை நான் கட்டடக்காரி என்று கூப்பிடுவேன். கட்டடக்கலை கடைசி வருடம். ஒரு தாளை விரித்து வைத்துக்கொண்டு நாள் முழுக்கக் கோடு இழுக்கிறவள். பிப்ரவரியிலிருந்து பழக்கம். அவளுக்கு முன்னால் எனக்கு ஒருத்தியைத் தெரியும். அங்கிருந்து வந்ததாகத்தான் இருக்கும். இவளிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் போய்விடுவாள். ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். மேடையில் கை நீட்டியவன்டா என்பார்கள்.

அவளும் நன்றாகத்தான் இருக்கிறாள். வலது கண் மட்டும் மங்கலாக இருக்கிறது என்கிறாள். ராத்திரி பகலாக வரைவதால் கண் உலர்ந்துவிட்டது என்று கண் டாக்டர் சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார். தேர்வு முடியட்டும், பிறகு சொல்லலாம் என்று இருக்கிறேன்.

வாலு

*

ஆகஸ்ட் 30

வாலு,

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. அச்சடித்த தாளைக் கிழிக்க எனக்குக் கை வராது. டிரங்குப் பெட்டியில் வைத்தேன். வைக்கும்போதுதான் எனக்கும் ஒரு சீட்டு உண்டென்று ஞாபகம் வந்தது.

இதை எழுத ஐந்து நாள் ஆயிற்று. இந்த முறை "ழ"வினால் இல்லை.

எனக்கு இருபத்தைந்து வயது. கல்யாணமாகி ஒரு வருஷம். வெளியூரில் புது மிஷின் இறக்குகிறார்கள் என்று முதலாளி என்னையும் இன்னும் இரண்டு பேரையும் மூன்று மாதம் அனுப்பினார். அந்த ஊரில் ஒரு வீடு இருந்தது. மற்றவர்கள் போனார்கள், நானும் போனேன். ஒருவரும் என்னைக் கையைப் பிடித்து இழுக்கவில்லை. திரும்பி வந்ததும் உனக்கு வந்த மாதிரியே புண். வலி இல்லை. ஆனாலும் பயந்துபோய்ப் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். ஊசி போட்டார்கள். டாக்டர் ஒரு சீட்டைக் கையில் திணித்து, "எல்லாம் இதுல இருக்கு, இதும்படி செய். அடுத்த ஆள்" என்றார்.

எனக்குப் படிக்கத் தெரியாது என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

அச்சகத்தில் படிக்கத் தெரிந்தவர் கம்பாசிட்டர். அவரிடம் கொடுத்தால் மேஜை மேல் ஏறி நின்று நாடகம் மாதிரி வாசிப்பார். உன் பெரியம்மா நாலாம் வகுப்பு வரை படித்தவள். அவளிடம் எப்படிக் கொடுப்பேன்? புண் ஆறிவிட்டது. சீட்டைப் பெட்டியில் போட்டேன். நாற்பத்தாறு வருஷம் அது அங்கேயே கிடந்தது.

போன செவ்வாய்க்கிழமை அதை எடுத்துப் படித்தேன். மேலே "மேகநோய்ப் பிரிவு" என்று அச்சு. அதற்குக் கீழே இருந்ததை அப்படியே எழுதுகிறேன். "நோயாளியின் மனைவியையும் உடனே அழைத்து வரவும். அவருக்கும் ஊசி போட்டால்தான் நோய் நீங்கும். தவறினால் பிறக்கும் குழந்தைகளுக்கு ஆபத்து."

இன்னும் கீழே, ஓரத்தில், எறும்பு மாதிரி சின்ன எழுத்தில் அச்சகத்தின் பெயர். எங்கள் அச்சகம். அந்தத் தாளை மிஷினுக்குக் கொடுத்தவன் நான்.

உன் பெரியம்மாவுக்கு மூன்று குழந்தை. முதலாவது ஏழாம் மாதத்தில், உயிரில்லாமல். இரண்டாவது ஆண், மாதம் நிறைந்து, உயிரில்லாமல். மூன்றாவது பெண். அது ஒரு தரம் வாயைத் திறந்தது. பிறகு ஒன்றும் தரிக்கவில்லை. ஊர் அவளை என்னவெல்லாம் சொல்லிற்று என்று உனக்கே தெரியும். எத்தனை மருந்து குடித்தாள், எத்தனை நாள் பட்டினி கிடந்தாள். சாகிறவரைக்கும் தன் உடம்பில்தான் குறை என்று நம்பிக்கொண்டு போய்விட்டாள்.

என் சீட்டை எனக்குப் படிக்கத் தெரியவில்லை. உனக்கு என்னடா கேடு? நீயே எழுதி நீயே அச்சடித்து நீயே மேடையில் பேசினாய். தேர்வாம். அந்தப் பெண்ணுக்குக் கண் மங்குகிறது என்கிறாய். அது வரைந்ததால் மங்கியதா, உன்னால் மங்கியதா என்று உனக்குத் தெரியுமா? அந்தக் கண் டாக்டருக்குத் தெரியுமா? இந்தக் கடிதத்தை மடித்த கையோடு போய்ச் சொல்.

பெரியப்பா

*

செப்டம்பர் 4

பெரியப்பா,

பள்ளிக்கூடம் விட்டு வந்தால் எனக்கு முதலில் சோறு போட்டது பெரியம்மாதான். அம்மா வேலையிலிருந்து வரும்வரைக்கும் அவர் மடியில்தான் கிடந்தேன். ஒரு நாள் அத்தை எங்கள் எல்லோர் முன்னாலும், "மலடிக்குப் புள்ள வளக்க ஆசையைப் பாரு" என்றார். நான் ஆறாவது படித்தேன். நீங்கள் அங்கேதான் உட்கார்ந்திருந்தீர்கள். மிஷின் மேல் பழி போடாதீர்கள். உங்களுக்கு இடது காது அப்போது கேட்டது.

எனக்குப் புத்தி சொல்ல நீங்கள் யார்? இனி எனக்கு எழுத வேண்டாம்.

*

செப்டம்பர் 8

வாலு,

கேட்டது. ஒத்துக்கொள்கிறேன். உன் அத்தை சொன்னதும் கேட்டது, உன் பெரியம்மா எழுந்து உள்ளே போய்ப் பாத்திரம் உருட்டியதும் கேட்டது.

எழுத வேண்டாம் என்கிறாய். இதற்குப் பிறகு எழுத மாட்டேன். ஆனால் ஒன்று. என் மேல் உனக்கு வந்த கோபம் நியாயம். அதையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடாதே. கோபமாக இருக்கும்போது நாம் நல்லவர் போலத் தோன்றும். அந்தச் சுகத்தில் இன்னும் நாலு நாள் ஓடிவிடும். நான் எப்பேர்ப்பட்ட பாவி என்பதைத் தேர்வு முடிந்த பிறகு யோசி. அவளிடம் இன்றைக்குப் போ.

பெரியப்பா

*

செப்டம்பர் 19

பெரியப்பா,

பதினைந்தாம் தேதி சொன்னேன். எட்டாம் தேதியே கடிதம் எழுதினீர்கள், பத்தாம் தேதி என் கையில் கிடைத்தது. அதற்குப் பிறகும் ஐந்து நாள் எடுத்துக்கொண்டேன். அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

வரைகூடத்தில் அவள் மட்டும் இருந்தாள். முகத்தைத் தாளுக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்துக்கொண்டு வரைந்தாள். சீட்டை மேஜை மேல் வைத்தேன். துவைத்ததில் எண் பாதி அழிந்திருந்தது.

"என்னது இது?"

சொன்னேன். நோயின் பெயரைச் சொன்னேன். மரியாதையான சொல் ஒன்றும் போடவில்லை.

"எத்தனை நாளாத் தெரியும்?"

"நாப்பது நாள்."

"நாப்பது நாளா எதிர்ல உக்காந்து டீ குடிச்சிருக்க. கண்ணு எப்படி இருக்கு, கண்ணு எப்படி இருக்குன்னு வேற கேட்ட."

"உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு..."

"மைக்கைப் பிடிச்சு ஐந்நூறு பேருக்குச் சொன்ன இல்ல? எனக்கு மட்டும் உனக்கு வாய் அடைச்சுப் போச்சா? எருமை."

அளவுகோலை எடுத்து என் மேல் வீசினாள். குறி தவறி ஜன்னலில் பட்டது. அவள் எறிந்தால் குறி தவறவே தவறாது பெரியப்பா. அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அன்றைக்கே மருத்துவ அறைக்குப் போனோம். அவள் முன்னால், நான் பத்தடி பின்னால். ரத்தத்தில் இருந்தது. கண்ணைப் பற்றிச் சொன்னதும் ஆலோசகர் அக்காவே வண்டி வைத்துப் பெரிய மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். நோய் கண்ணுக்குள் போய்விட்டதாம். அதற்கு ஒரு ஊசி போதாது. படுக்க வைத்துப் பதினாலு நாள், நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை நரம்பில் மருந்து ஏற்றுகிறார்கள். ஒரு மாதம் முன்பே வந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார். என்னைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். இடது கண்ணுக்கு ஒன்றும் இல்லை. வலது கண்ணில் வந்தவரைக்கும் லாபம் என்கிறார்கள். இப்போது அதில் ஜன்னல் வெளிச்சம் தெரிகிறது. ஜன்னல் கம்பி தெரியவில்லை.

அவளுடைய அம்மா வந்திருக்கிறார். என்னை வாசலோடு நிறுத்திவிட்டார். நேற்று அவளே கூப்பிட்டு அனுப்பினாள். மன்னிக்கப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

"எனக்கு முன்னாடி ஒருத்தி இருந்தாளே, அவகிட்டச் சொன்னியா?" என்றாள்.

"இல்ல."

"எனக்கு முன்னாடி இருந்தவளுக்கும் ரெண்டு கண்ணுதான இருக்கும்? அப்புறம் இங்க என்ன நின்னுக்கிட்டிருக்க? போ."

அவ்வளவுதான். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் இனிமேல் வரக்கூடாது என்று வெளியே வந்து அவள் அம்மா சொன்னார்.

முன்னால் பழகிய அந்தப் பெண் இப்போது வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். நாளைக் காலை பஸ்ஸில் போகிறேன். அந்த அளவுகோல் என் மேல் பட்டிருக்கக் கூடாதா என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது. அன்றைக்கு மருத்துவ அறைக்குப் போகிற வழியில், அத்தனை பேர் நடமாடும் வராந்தாவில் திரும்பி நின்று என்னை எருமை, நாய் என்றெல்லாம் திட்டினாள். அதுதான் இன்னும் காதில் இருக்கிறது.

வாலு

*

செப்டம்பர் 26

வாலு,

எழுத மாட்டேன் என்று சொன்னேன். நீ எழுதியதால் எழுதுகிறேன்.

அந்தக் கட்டடக்காரி உன்னைக் கேட்ட கேள்வியை நான் என்னைக் கேட்டுப் பார்த்தேன். நான் யாரிடம் சொன்னேன்? அந்த ஊரில் அந்த வீட்டில் இருந்தவளின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவளுக்கு யார் சீட்டுக் கொடுத்திருப்பார்கள்? உன் பெரியம்மா இல்லை. மிச்சம் இருப்பது அவளுடைய தங்கை ஒருத்திதான். தையல்காரி. அக்காள் மூன்று தடவை வெறுங்கையோடு வந்தபோதும் கூட இருந்தவள்.

திங்கட்கிழமை அவள் கடைக்குப் போனேன். அவள் ரவிக்கை ஒன்று தைத்துக்கொண்டிருந்தாள். சீட்டைப் பிரித்து முழுவதையும் வாசித்துக் காட்டினேன். சத்தமாகத்தான் வாசித்திருப்பேன். பாதியிலேயே அவள் கால் பெடலில் நின்றுவிட்டது. வாசித்து முடித்து, எல்லாம் என்னால்தான், உன் அக்காள் மேல் ஒரு குறையும் இல்லை, அது தெரியாமலே போய்விட்டாள் என்றேன்.

அவள் என்னவோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். பிறகு துணிக்குக் கோடு போடுகிற சாக்கட்டியை எடுத்து, வெட்டுகிற மேஜையில் எழுதினாள்.

"அக்காவுக்குத் தெரியும்."

எது தெரியும் என்று கேட்டேன். புறங்கையால் அழித்துவிட்டு எழுதினாள்.

"மூணாவது போனப்ப லேடி டாக்டர் ரத்தம் எடுத்துப் பாத்தாங்க. சொல்லிட்டாங்க. ஊசி போட்டாங்க. நான்தான் கூடப் போனேன்."

என்னை ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றேன். சாக்கட்டியை உருட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு எழுதினாள்.

"நீங்களா வந்து சொல்லட்டும்னு அக்கா காத்திருந்தா மாமா."

அவ்வளவுதான். ரவிக்கையைத் தைக்க உட்கார்ந்துவிட்டாள். நான் எப்போது எழுந்து வந்தேன் என்று அவள் பார்த்திருக்க மாட்டாள்.

கணக்குப் போட்டேன். மூன்றாவது போனதிலிருந்து அவள் சாகிறவரைக்கும் முப்பத்து மூன்று வருஷம். அவ்வளவு வருஷமும் எனக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டாள். அத்தை அந்தப் பேச்சுப் பேசிய அன்றைக்கு எழுந்து உள்ளே போனாளே, அப்போதும் அவளுக்குத் தெரியும்.

அந்தப் பெண் உன்னை எருமை என்றாள், நாய் என்றாள் என்று எழுதியிருந்தாய். அதற்காக வருத்தப்படாதே. நீ சொன்னாய், அவள் திட்டினாள்.

என்னை உன் பெரியம்மா ஒரு நாளும் திட்டவில்லை.

பெரியப்பா